விமானம் குலுங்கும்போது: நம்ம கோவைப் பக்கத்திலிருந்து முதல்முறை கடல் தாண்டுகிறவர்களுக்கு

தங்கச்சிக்கு டாலஸில் பேறுகாலம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவரும் பொறுப்பு என்னுடையது. அம்மாவுக்கு அப்போது 62 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்தை விட்டு அவர் போன தூரமெல்லாம் பழநி, திருப்பதி, ஒருமுறை ராமேஸ்வரம். விசா, இன்சூரன்ஸ், சர்க்கரை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு, குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மாதமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். விமானம் ஆடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பனியன் ஆர்டர் வேலையாக வருஷத்துக்கு இரண்டு தடவை ஜெர்மனி போய்வருகிற எனக்கு அது பழகிப்போயிருந்தது. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அட்லாண்டிக் கடலுக்கு மேல், விளக்கை அணைத்து எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விமானம் ஆட ஆரம்பித்தது. இருபது நிமிஷம் இருக்கும். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏஞ்சாமி, அவளப் பாக்கறதுக்கு நாம போய்ச் சேந்துருவமா?" என்று கேட்டார். "சேந்துருவோமுங்கம்மா" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. பயந்துபோன ஒருவரிடம் அந்த நேரத்தில் காற்றைப் பற்றிப் பேசினால் ஏறாது. வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களை அனுப்பிவைக்கிற பிள்ளைகள், படிக்கப் போகிற மாணவர்கள், முதல் தடவையாக பனியன் வாங்குகிற பையரைப் பார்க்கப் போகிற திருப்பூர்த் தம்பிகள் எல்லோருக்கும் இது உதவும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

காற்றைத் தண்ணீராக நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பவானி கூடுதுறையில் நின்று பார்த்திருப்பீர்கள். காவிரி ஒரு வேகத்தில் வருகிறது, பவானி இன்னொரு வேகத்தில் வந்து சேர்கிறது. சேர்கிற இடத்தில் தண்ணீர் சுழிக்கும். அங்கே பரிசல் போனால் ஆடும், தாண்டிவிட்டால் சரியாகிவிடும். மேலே, சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற காற்று ஆறுகள் இருக்கின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே வேகம் பிடிக்கும். பெரிய விமானங்கள் பறப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான். அந்த ஆற்றின் கரையில், வேகமான காற்றும் மெதுவான காற்றும் உரசுகிற இடத்தில் சுழி உண்டாகும். ஒரு மேகம்கூட இல்லாத நிலா வெளிச்சத்தில் விமானம் திடீரென்று ஆடுவது இதனால்தான்.

அடுத்தது மலை. கொடிவேரி அணையில் தண்ணீர் கல்லைத் தாண்டி விழுந்த பிறகு கொஞ்ச தூரம் வரைக்கும் மேலும் கீழுமாக அலைந்துகொண்டே போகும். மலைத்தொடரைத் தாண்டி வரும் காற்றும் அப்படித்தான், மலைக்கு அந்தப்பக்கம் பல கிலோமீட்டர் வரை அலையும். ஈரான், துருக்கி மலைகள், ஆல்ப்ஸ், கிரீன்லாந்தின் ஓரம், அமெரிக்காவின் ராக்கி மலை ஆகியவற்றின் மேல் போகும்போது ஆடினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வெயில். நடுமதியத்தில் பருந்து சிறகை அடிக்காமலே வட்டமிட்டு மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான நிலத்திலிருந்து எழும்பும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஒரு தூக்கு, ஒரு இறக்கம். அதே ஏறுகாற்று ஈரத்தோடு சேர்ந்து பெரிதானால் இடிமேகம் ஆகிவிடும். நிஜமாகவே முரட்டு ஆட்டம் இடிமேகத்துக்குள்ளும் அதற்குப் பக்கத்திலும்தான். அதனால் பைலட்டுகள் அதற்குள் போவதில்லை. முன்னால் இருக்கும் மழையை ரேடாரில் பார்த்து, பலமான இடிமேகத்துக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளியே சுற்றிப் போவார்கள். மேகம் இல்லாத இடத்துச் சுழிதான் ரேடாரில் தெரியாது. அதற்கு முன்னால் போகிற விமானங்கள் சொல்கிற தகவலையும் வானிலைக் கணிப்பையும் நம்ப வேண்டியிருக்கிறது.

"ஏர் பாக்கெட்டுல விழுந்துச்சு" என்று ஊரில் சொல்வார்கள். காற்றில் பள்ளம் என்று ஒன்று கிடையாது. ஏறுகிற காற்றிலிருந்து இறங்குகிற காற்றுக்குள் நுழையும்போது வயிறு தூக்கிப்போடுகிறது, அவ்வளவுதான். ஆயிரம் அடி விழுந்தது போல இருக்கும். வழக்கமான ஆட்டத்தில் விமானம் மேலும் கீழும் போவது சில அடிகள்தான்.

டிக்கெட் போடும்போதே யோசிக்க வேண்டியது

விமானத்தில் எல்லா இருக்கையும் ஒரே மாதிரி ஆடாது. சீசா பலகையில் பிள்ளைகள் விளையாடுவதை நினைத்துப் பாருங்கள்: ஓரத்தில் இருப்பவன்தான் மேலும் கீழும் போவான், நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. இறக்கைக்கு நேராக இருக்கிற வரிசைகளில் ஆட்டம் குறைவு. வால் பக்கம்தான் அதிகம். வரிசை எண் விமானத்துக்கு விமானம் மாறும் என்பதால் மற்றவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். சீட் மேப்பில் இறக்கை எங்கே வரைந்திருக்கிறது என்று பார்த்து எடுங்கள். இதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். என்னைக் கேட்டால், வயதானவர்களுக்கும் வாந்தி வருகிறவர்களுக்கும் அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஊருக்குக் கொண்டுபோகும் முறுக்கு டின்னில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்க வேண்டாம்.

ஜன்னலா, நடைபாதை ஓரமா என்று கேட்பார்கள். பயப்படுகிறவர்களுக்கு ஜன்னல் நல்லது. தொடுவானம் நேராக நிற்பதைப் பார்த்தால் மனசு கொஞ்சம் அடங்கும். அடிக்கடி பாத்ரூம் போகிற பெரியவர்களுக்கு நடைபாதை ஓரம்தான் சரி.

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ நேர் விமானம் இல்லை. சென்னை, பெங்களூர், கொச்சி என்று எங்காவது போய்த்தான் பெரிய விமானம் ஏற வேண்டும்; இல்லையென்றால் கோவையிலிருந்தே சார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் போய் அங்கிருந்து மாற வேண்டும். பொள்ளாச்சி, கோவைக்காரர்கள் நிறையப் பேர் காரிலேயே கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரிக்குப் போய்விடுகிறார்கள். ஈரோடு, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூர் தோதாக இருக்கும். சிறிய விமானப் பயணத்தைச் சேர்ப்பதாக இருந்தால் காலை நேரத்து விமானமாகப் பாருங்கள். பூமி சூடேறும் முன் கிளம்பினால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்டம் குறையும். நடுமதியமும் மாலையும் கோடையில் அலைக்கழிக்கும்.

மாதத்தையும் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் அட்லாண்டிக் மேலே ஜெட் ஸ்ட்ரீம் பலமாக இருக்கும். சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்குக் கதையே வேறு. அந்தப் பாதை பூமத்தியரேகையை ஒட்டிய இடிமேகப் பட்டையைத் தொட்டோ தாண்டியோ போகிறது, அங்கே வருஷம் முழுக்க மேகம் கட்டும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வங்காள விரிகுடாவின் மேலும் அப்படித்தான். பேறுகாலத்துக்கும் காலேஜ் திறப்புக்கும் நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எந்த மாதம் போனாலும் போய்ச் சேரலாம். எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வாந்தி எடுக்கிறவர் வீட்டில் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்தான் விமானத்திலும் கவனிக்க வேண்டியவர். பஸ்ஸுக்குப் போடுகிற அதே வாந்தி மாத்திரை இங்கும் வேலை செய்யும். ஆனால் குமட்டல் வந்த பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும். இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும், நடை தள்ளாடும். புராஸ்டேட் தொந்தரவு, கண் அழுத்த நோய் உள்ள பெரியவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது. அதனால் மெடிக்கலில் கேட்டு வாங்காமல் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

கிளம்பும் நாளில் விருந்து வேண்டாம். ஊரே கூடி வழியனுப்பும்போது கறியும் சோறுமாகப் போட்டு அனுப்புவது நம்ம பக்கத்து வழக்கம். அதை முதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கிற அன்று அரிசிம்பருப்பு சாதமோ இட்லியோ அளவாகப் போதும். வெறும் வயிறும் ஆகாது, குமட்டலை அதுவும் கிளப்பும்.

கைப்பையில் எவர்சில்வர் பிளாஸ்க், கண்ணாடி பாட்டில் போன்ற கனமான பொருள் இருந்தால் முன்சீட்டுக்கு அடியில் தள்ளி வையுங்கள். நான் சொன்ன அந்த இரவில் யாரோ மடிமேசையில் வைத்திருந்த பிளாஸ்க் நடைபாதையில் உருண்டு, எங்களுக்கு நாலு வரிசை பின்னால் ஒரு பெரியம்மாவின் கணுக்காலில் இடித்தது. நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று.

கோவையிலிருந்து முதல் தாவல்

நம்ம ஊரிலிருந்து ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைச்சுவரில் ஒரு திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் நெருக்கியடித்து உள்ளே வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வரைக்கும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு அதுதான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில் விமானம் மட்டும் ஆடாமல் ஏறுமா? ஆனி முதல் ஆவணி வரை கோவை விமான நிலையம் இருக்கிற பீளமேட்டில் ஏறுகிற, இறங்குகிற விமானங்கள் முதல் சில நிமிஷம் கட்டை வண்டி போலக் குலுங்கலாம். அதோடு கோவையிலிருந்து போகிற தடங்களில் சில நேரம் சின்ன விமானமும் ஓடும். விமானம் சிறியதாக இருந்தால் ஆட்டம் கூடுதலாகத் தெரியும்.

முதல் தடவை பறக்கிறவர்கள் இதை வைத்து, "ஒரு மணி நேரத்துக்கே இப்படின்னா பதினாறு மணி நேரம் எப்படி?" என்று கலங்கிவிடுகிறார்கள். அம்மாவும் சென்னையில் இறங்கி அதைத்தான் கேட்டார். பெரிய விமானம் கனமானது, ஏறிய பிறகு பெரும்பாலான நேரம் வெயில் காற்றுக்கும் மழை மேகத்துக்கும் மேலே போகும். நெடுந்தூரப் பயணத்தின் பெரும்பகுதி நான்குவழிச் சாலையில் கார் போவது போல இருக்கும்.

ஏறும்போது கேட்கிற சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். ஓடுதளத்தை விட்டு எழும்பியதும் காலுக்கடியில் கடகடவென்று ஒரு சத்தம், அது சக்கரம் உள்ளே போவது. அப்புறம் இன்ஜின் சத்தம் திடீரென்று குறையும். அணைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்; எழும்பும்போது தேவைப்பட்ட அளவு இன்ஜின் பலம் இனித் தேவையில்லை, அதனால் குறைக்கிறார்கள். இறக்கையின் பின்பக்கம் மடிந்து உள்ளே போகும்போது ஒரு இரைச்சல். மேகத்துக்குள் நுழைந்தால் ஜன்னல் வெள்ளையாகிவிடும், அதோடு சின்னக் குலுக்கல்.

பெரிய விமானத்தில் எங்கே எதிர்பார்க்கலாம்

வளைகுடாவில் மாறி அமெரிக்கா போகிறவர்களுக்கு முதல் பகுதி அரபிக்கடல். ஆனி முதல் புரட்டாசி வரை பருவமழை மேகம் இருப்பதால் அங்கே கொஞ்சம் ஆடலாம். மற்ற மாதங்களில் பெரும்பாலும் அமைதி. அப்புறம் நான் மேலே சொன்ன மலைகள். அதையும் தாண்டினால் அட்லாண்டிக். போகும்போது காற்று எதிரே வருவதால் ஜெட் ஸ்ட்ரீமை விட்டு விலகியே பாதை போடுவார்கள். திரும்பும்போது அதன் மேலேயே ஏறி வருவார்கள். திரும்பும் பயணம் நேரம் குறைவதற்கும், சில நேரம் ஆட்டம் கூடுவதற்கும் அதுதான் காரணம்.

விமானத்துறையில் ஆட்டத்தை லேசு, நடுத்தரம், கடுமை, மிகக் கடுமை என்று பிரிக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நீங்களும் அளக்கலாம். டம்ளரில் தண்ணீர் அலையடிக்கிறது, சிந்தவில்லை, நடக்க முடிகிறது என்றால் லேசு. பெல்ட் உடம்பில் அழுந்துவது தெரிகிறது, தண்ணீர் சிந்துகிறது, பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் நடுத்தரம். முதல்முறை பறக்கிறவர்கள் "பயங்கரம்" என்று வந்து சொல்வது பெரும்பாலும் லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில்தான் இருக்கும். அம்மா கேள்வி கேட்ட அந்த இரவும் நடுத்தரம்தான். கடுமை என்றால் விமானத்தின் உயரமும் சாய்வும் சட்டென்று மாறும், பெல்ட் உடம்பை வெட்டுவது போல இழுக்கும், கட்டாத பொருள் பறக்கும். வருஷக்கணக்காகப் பறக்கிற எனக்கு ஒருமுறைகூட அது வந்ததில்லை.

ஆட்டம் கூடியிருக்கிறதா என்றால், ஆமாம். 2023இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வட அட்லாண்டிக்கின் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில், மேகமில்லா வானத்தின் கடுமையான ஆட்டம் 1979இல் வருஷத்துக்கு 17.7 மணி நேரம் இருந்தது, 2020இல் 27.4 மணி நேரம் ஆகியிருக்கிறது. பூமி சூடாவது காரணம் என்கிறார்கள். 55 சதவீதம் கூடியது சின்ன விஷயமில்லை. ஆனால் வருஷத்துக்கு 8,760 மணி நேரம் உண்டு என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 21 அன்று, லண்டனிலிருந்து சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் மேலே, 37,000 அடி உயரத்தில் கடுமையான ஆட்டத்தில் மாட்டியது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், பலருக்குப் பலமான காயம். பாங்காக்கில் இறக்கினார்கள். முதற்கட்ட விசாரணை அறிக்கையில் இருந்த விவரத்தைப் பல தடவை படித்தேன். பெல்ட் விளக்கைப் போட்டதாக பைலட் குரல் கொடுத்ததற்கும், விமானம் தூக்கிப்போட்டதற்கும் இடையில் 8 நொடி. அதன்பின் 4.6 நொடிக்குள் விமானம் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாமல் இருந்தவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு, திரும்பக் கீழே விழுந்தார்கள்.

எட்டு நொடி. தூங்குகிற பெரியவரை எழுப்பி, போர்வைக்கடியில் பெல்ட்டைத் தேடி, மாட்டி முடிக்க அது போதாது. அதனால் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பெல்ட் போட்டே இருக்க வேண்டும்.

போடுகிற முறையும் முக்கியம். வயிற்றின் மேல் தொளதொளவென்று கிடந்தால் பிரயோஜனம் இல்லை. இடுப்பெலும்புக்குக் குறுக்காக, தாழ்வாக, ஒட்டியபடி இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே வர வேண்டும். தூங்குவதற்கு முன் போர்வையைப் போர்த்திக்கொண்டு அதற்கு மேலே பெல்ட்டைப் போடுங்கள். பணிப்பெண் பார்த்துவிட்டு எழுப்பாமல் போய்விடுவார். சேலை கட்டியவர்களுக்குக் கொசுவத்தின் மேல் பெல்ட் வழுக்கும், மறுபடி மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்குத் திரும்பும் பயணத்துக்குச் சுடிதார் எடுத்துக்கொடுத்தோம். மடியில் குழந்தை இருந்தால், பல விமானங்களில் குழந்தைக்கென்று தனி பெல்ட் கொடுப்பார்கள், ஏறியவுடன் கேளுங்கள்.

பெல்ட்டைத் திறக்கவும் பூட்டவும் வீட்டில் காரிலேயே பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். கார் பெல்ட்டில் பொத்தானை அமுக்க வேண்டும். விமானத்தில் மேல்மூடியைத் தூக்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் பெரியவர்களை நாலைந்து தடவை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

ஆடத் தொடங்கியதும்

உட்கார்ந்திருந்தால் செய்ய வேண்டியது குறைவு. பெல்ட்டை ஒரு இழுப்பு இறுக்கிவிட்டு, சூடான காபி, டீ கையில் இருந்தால் குடித்து முடிக்கவோ பணிப்பெண்ணிடம் கொடுக்கவோ வேண்டும். மடியில் கொட்டினால் ஆட்டத்தைவிட அந்தச் சூடுதான் பெரிய சேதம். முன்சீட்டை இறுக்கிப் பிடித்து உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். தளர்வாக விட்டால் குமட்டலும் குறையும். செல்போனைக் குனிந்து பார்க்காமல் தலையைச் சீட்டில் சாய்த்து, மேலிருக்கும் காற்றுத் துளையை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டிருக்கும்போது ஆடினால் உங்கள் சீட்டுக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் எந்தச் சீட் காலியோ அதில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சீட் இல்லையென்றால் நடைபாதையிலேயே தரையில் உட்கார்ந்து சீட்டின் காலையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, பணிப்பெண்களே அப்படித்தான் உட்காருவார்கள். பாத்ரூமுக்குள் இருந்தால் மூடியை மூடி அதன் மேல் உட்கார்ந்து சுவரில் இருக்கும் கைப்பிடியைப் பிடியுங்கள்.

பணிப்பெண்கள் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதிகம் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். அமெரிக்க விமானத்துறைக் கணக்கில் 2009 முதல் 2022 வரை ஆட்டத்தால் பலத்த காயம் அடைந்த 163 பேரில் 129 பேர் விமான ஊழியர்கள். நமக்குச் சோறு பரிமாற நிற்கிறவர்கள் அவர்கள்தானே. அதனால் அவர்கள் உட்காரும் நேரத்தில் மணியை அழுத்தி தண்ணீர் கேட்காதீர்கள். என் வேண்டுகோள் இது.

இந்த நேரத்தில் முன்னால் பைலட் என்ன செய்கிறார்? வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார். வேகத்தடை வரும்போது காரில் நீங்கள் செய்வதுதான் அதுவும். கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டு, இரண்டாயிரம் அடி மேலேயோ கீழேயோ ஆட்டம் இல்லாத உயரம் கேட்பார். பல நேரம் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அடங்கிவிடும்.

இறக்கை முறிந்துவிடுமா

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. இறக்கை மேலும் கீழும் வளைவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அது வளைய வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். புயலில் வளைகிற மூங்கில் நிற்கும். புது விமானம் ஒன்றை அனுமதிக்கும் முன், பறக்கும்போது எதிர்பார்க்கிற அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கையில் ஏற்றிப் பார்க்கிறார்கள். 2010 மார்ச்சில் போயிங் 787க்கு இந்தச் சோதனை நடந்தபோது இறக்கை சுமார் 25 அடி மேல்நோக்கி வளைந்து நின்றது. இரண்டு மாடி வீட்டு உயரத்துக்கு மேல்.

நடந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் ஃபுஜி மலையருகே ஒரு போயிங் 707 மலைக்காற்றின் ஆட்டத்தில் உடைந்து 124 பேரும் இறந்தார்கள். மலைக்கு அவ்வளவு பக்கத்தில், காற்று விழுகிற பக்கமாக அது பறந்தது. அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் வானிலைக் கணிப்பு, ரேடார், பாதை போடுகிற முறை எல்லாமே மாறிவிட்டன. இன்றைய பயணத்தில் நம் கையில் இருக்கிற ஆபத்து அடிபடுவது மட்டும்தான், அதற்கு மருந்து இடுப்பில் இருக்கிறது.

பயத்தைப் பற்றி

இவ்வளவு தெரிந்தும் பயம் வரும். "பயப்படாதீங்க" என்று சொல்வதால் யாருக்கும் பயம் போனதில்லை. பெரியவர்களோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வேறு ஏதாவது பேசுங்கள். தோட்டத்தில் இந்த வருஷம் மஞ்சள் எப்படி, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேளுங்கள். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், முருகன் பெயரைச் சொல்லி எண்ணிக்கொண்டே வருவார்கள். அதைச் செய்கிறவர்களை நிறுத்தாதீர்கள், மூச்சு தானாகவே சீராகிறது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவதும் அதே வேலையைச் செய்யும். பயத்தில் மது கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய குன்னூர், ஊட்டி உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். அங்கே மது குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றி, தலை கிறுகிறுத்து, குமட்டல் கூடும்.

தனியாகப் போகிறவர்கள் ஏறும்போதே பணிப்பெண்ணிடம், முதல்முறை பறக்கிறேன், ஆட்டம் என்றால் பயம் என்று சொல்லிவிடலாம். ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கு அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மா திரும்பி வரும்போது நான் கூட இல்லை. தங்கச்சி அப்படித்தான் எழுதிக் கொடுத்தனுப்பினாள். ஆடும்போதெல்லாம் ஒரு பணிப்பெண் வந்து தோளைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாளாம்.

இறங்கும்போது

இறங்க ஆரம்பித்தால் மறுபடி மேகம், மறுபடி வெயில் காற்று. கடைசி இருபது முப்பது நிமிஷம் ஆடுவது சகஜம். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள். சக்கரம் வெளியே வரும்போது ஒரு இடி போன்ற சத்தம் கேட்கும்.

ஆடி மாதத்தில் கோவைக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. தரை தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்ட விமானம் திடீரென்று இன்ஜின் உறும மறுபடி மேலே ஏறலாம். காற்று தோதாக இல்லை என்று பைலட் முடிவு செய்து, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருகிறார் என்று அர்த்தம். பழக்கப்பட்ட வேலைதான் அது. காரணத்தை அறிவிக்கச் சில நிமிஷம் ஆகும், அந்த நேரத்தில் அவர்களுக்குக் கைநிறைய வேலை இருக்கும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி இறங்கிவிடுவார்கள். காற்று அடங்கவே இல்லையென்றால் கொச்சிக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோவதும் உண்டு. அதனால் அழைத்துப்போக வருகிறவர்களிடம் விமான எண்ணைக் கொடுத்து, வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

விமானம் நின்று விளக்கு அணைந்த பிறகு, தலைக்கு மேலே இருக்கிற பெட்டியின் கதவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் உள்ளே பைகள் இடம் மாறியிருக்கும்.